தமிழுக்கு எந்த ஊர்: சிங்கப்பூரா, மலேசியாவா?

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டு வளவில் சிங்கப்பூர், மலேசியா சொந்தங்கள் ஒன்றுகூடினால் தமிழ் எந்த ஊரில் நன்றாக வாழ்கிறது என்ற பேச்சு வராமல் இருக்காது.

சட்டப்படி பார்த்தால் சிங்கப்பூர்தான். நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. பண நோட்டிலேயே தமிழ் எழுத்து இருக்கிறது. மலேசியாவில் ஆட்சிமொழி மலாய் மட்டும்தான்.

பள்ளிக்கூடத்துக்குள் போனால் கதையே வேறு. சிங்கப்பூரில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே, மற்றதெல்லாம் ஆங்கிலம். தமிழ்வழியில் நடந்த உமறுப் புலவர் உயர்நிலைப் பள்ளியை 1982-ல் மூடிவிட்டார்கள். மலேசியாவிலோ 500-க்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. பெரும்பாலானவை ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக எழுந்தவை என்பதை நாம் மறக்கக் கூடாது. மலேசியாவின் ஈப்போ நகரிலிருந்து வரும் பேத்தி ஆச்சியிடம் வாய்ப்பாட்டைத் தமிழிலேயே ஒப்பிப்பாள். சிங்கப்பூர்ப் பேரன், “ஆச்சி, சாப்பிட்டீங்களா?” என்று அழகாகக் கேட்டுவிட்டு அடுத்த வரியை ஆங்கிலத்தில் முடிப்பான்.

சரி, ஆறாம் ஆண்டுக்கு அப்புறம்? மலேசியாவில் இடைநிலைப் பள்ளி மலாய்க்கு மாறிவிடும். தமிழை விரும்பினால் எடுக்கலாம். இங்கே சிங்கப்பூர் முந்துகிறது: உயர்நிலைப் பள்ளியிலும் தாய்மொழிப் பாடம் தொடர்கிறது.

என் ஓட்டு மலேசியாவுக்கே. சின்ன வயதில் கணக்கும் அறிவியலும் தமிழில் படித்த பிள்ளைக்குத் தமிழில் யோசிக்க வரும். நம் செட்டிநாட்டிலேயே எத்தனை வீட்டில் அது நடக்கிறது?