குச்சி தெர்மாமீட்டர்: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

மகளுக்கு ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது நாலு வயது. அப்புறம் இந்த ஒன்றரை வருடத்தில் எங்கள் வீட்டில் மிக்ஸிக்கு அடுத்தபடியாக உழைத்த சாமான், மருந்துக்கடையில் 180 ரூபாய்க்கு வாங்கிய இந்தக் குச்சி தெர்மாமீட்டர்தான்.

முதலில் வாங்கியது துப்பாக்கி மாடல். கொரோனா சமயத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அது. ஆயிரத்துக்கு மேல் விலை. மருத்துவமனைப் பக்கம் வாடகை ரூமில் இருந்தபோது ஒரு ராத்திரி பிள்ளை அனத்திக்கொண்டு கிடக்கிறாள், மேலே ஃபேன் ஓடுகிறது, நெற்றியெல்லாம் வியர்வை, துப்பாக்கி 98.2 என்கிறது. அம்மாச்சி கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அடுப்பா கொதிக்குது, உன் மெஷின் என்னடி சொல்லுது?" என்றார். பக்கத்து ரூம் அக்காவிடம் குச்சியை இரவல் வாங்கி அக்குளில் வைத்தால் 101.3! ஆட்டோ பிடித்து ஓடினோம். ரத்தத்தில் வெள்ளை அணுக் கவுண்ட் தரைமட்டம். உடனே ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள், ஒன்பது நாள் வார்டு.

கீமோ போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும். அவற்றில் கிருமியோடு சண்டை போடும் வகையான நியூட்ரோஃபில் 500க்குக் கீழே போய்விட்டால் சாதாரணக் கிருமிகூட சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். மற்றப் பிள்ளைகளுக்கு பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று இருக்கலாம். இங்கே அந்த மருந்து எண்ணைத்தான் இறக்கும், கிருமி உள்ளேயே இருக்கும். 100.4 வந்தால் மணி எத்தனை என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, பொருளுக்கு வருவோம். நுனி வளைகிறது, தூங்குகிற பிள்ளைக்கு வைக்க வசதி. ஒரு நிமிடத்தில் பீப். கடைசியாகப் பார்த்த எண்ணை நினைவில் வைத்திருக்கும், டாக்டர் போனில் கேட்டால் தடுமாறாமல் சொல்லலாம். வாய்ப்புண் வந்த நாட்களில் வாயில் வைக்க முடியாது, அக்குள்தான். அக்குளில் கொஞ்சம் குறைத்தே காட்டும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசனவாயில் மட்டும் வைக்கவே கூடாது. அங்கே லேசாகக் கீறினாலும் கிருமிக்கு வழி.

பட்டனை அழுத்திப் பிடித்தால் செல்சியஸுக்கு மாறிவிடுகிறது, அது ஒரு தொல்லை. ஒரு நாள் வீட்டுக்காரர் 37.1 என்று பார்த்துவிட்டு, "பிள்ளை சில்லிட்டுப் போச்சு" என்று அலறி எங்கள் எல்லோர் உயிரையும் வாங்கினார். இப்போது 38 என்றால் 100.4 என்று ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பேட்டரி பொத்தான் மாதிரி இருக்கும், வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் ஜாக்கிரதை.

இதை மட்டுமே நம்பியும் இருக்காதீர்கள். ஸ்டீராய்டு ஓடும் வாரங்களில் காய்ச்சல் வெளியே தெரியாமல் போகலாம். பிள்ளை துவண்டு கிடந்தால் எண் என்ன காட்டினாலும் தூக்கிக்கொண்டு வாங்க என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது திரையில் விளக்கு இல்லாததற்கு. ராத்திரி இரண்டு மணிக்கு மொபைல் டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மகள் இப்போதெல்லாம் கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "லைட்ட மூஞ்சில அடிக்காதம்மா" என்கிறாள்.