சென்டர் பேரிங் பிராக்கெட் உடைந்த பிறகு: மினி லாரி ஷாஃப்ட் தாங்கியைச் சரிசெய்து ஓட்டிய அனுபவம்

வேலூர் பக்கம் மினி லாரி ஓட்டுகிறவர்களிடம் பேசினால், இஞ்சின் இழுவையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டை நடுவில் தாங்குகிற சென்டர் பேரிங்கை அவ்வப்போது மாற்றியே ஆக வேண்டிய ஒரு செலவாகத்தான் பலரும் வைத்திருக்கிறார்கள். பேரிங் போச்சா, புதுசு போடு, அடுத்த சீசனுக்குப் பார்த்துக்கலாம். அப்படி இருக்க வேண்டியதே இல்லை என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். என் வண்டியில் போனது பேரிங் அல்ல, அதைச் சுற்றிய ரப்பர்; அதோடு அதைத் தாங்குகிற பிராக்கெட்டும் உடைந்தது. அதை அடியோடு சரிசெய்த பிறகு இரண்டு மழைக்காலம், இரண்டு அக்னி நட்சத்திரம் தாண்டிவிட்டது. வண்டி அதே சுமையோடு அதே பாதையில்தான் ஓடுகிறது.

பாதையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சமவெளியில் இலவம்பாடி, அணைக்கட்டு பக்கம் கத்தரிக்காய் ஏற்றி வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு வருவேன். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வெளியூர்க்காரர்களும் கேட்டு வாங்குகிறார்கள். சீசனில் ஜவ்வாது மலை லோடு: பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊர்களிலிருந்து சாமை, புளி, பலா. மீதி நாளில் ஆம்பூர், ராணிப்பேட்டை என்று நெடுஞ்சாலையில் ஓட்டம். முதல் கியரில் முக்கி முக்கி மலை ஏறுவது, பிறகு அதே வண்டி 60இல் நிற்காமல் ஓடுவது. ஷாஃப்ட் தாங்கிக்கு இந்த இரண்டும் வேறு வேறு சோதனை.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸில் வரை ஒரே குழாயாகப் போட்டால் அது நீளமாகிவிடும். நீளமான குழாய் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் நடுவில் வளைந்து வீச ஆரம்பிக்கும். நீளத்தைப் பாதியாக்கினால் அந்த ஆபத்தான வேகம் நான்கு மடங்கு உயரும். அதனால்தான் ஷாஃப்டை இரண்டாக வெட்டி, நடுவில் சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் ஒரு பேரிங்கைத் தொங்கவிடுகிறார்கள். டயர் ஒரு சுற்றுக்கு இரண்டரை மீட்டர் ஓடுகிறது, ஆக்ஸில் ரேஷியோ 5 (ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று) என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகத்தில் அந்த ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 2000 தடவை சுற்றும். பேரிங்கைச் சுற்றி ஒரு தடித்த ரப்பர் வளையம் இருக்கிறது. உண்மையில் வேலை செய்வது அந்த ரப்பர்தான். ஷாஃப்ட் துண்டுகளைச் சேர்க்கிற, மடங்கிச் சுற்றும் கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் பேரிங்கை உதைக்கும். இழுவை கூடக் கூட உதையும் கூடும். அந்த உதையை ரப்பர் வாங்கிக்கொள்ளாவிட்டால் பிராக்கெட் வாங்கும், பிராக்கெட்டிலிருந்து குறுக்குச் சட்டம் வாங்கும்.

என் வண்டியில் நடந்தது அதுதான். சுமையோடு கிளம்பும்போது முதல் கியரில் தரை அதிரும், இரண்டாவது கியர் போட்டால் அடங்கிவிடும். அதற்கு முன்பு ஒரு கடையில் பேரிங்கை மட்டும் தட்டி எடுத்து, பழைய ரப்பரிலேயே புதுசைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பிராக்கெட்டுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில், உயரத்தைச் சரிசெய்ய வைத்திருந்த ஷிம் என்ற மெல்லிய தகடுகளைத் திரும்ப வைக்கவில்லை. பீஞ்சமந்தை ஏற்றத்தில் ஒரு நாள் பிராக்கெட்டின் ஒரு காது சட்டத்தோடு பிய்ந்து வந்தது. ஷாஃப்ட் தரையில் விழவில்லை. சுற்றி இருந்த இரும்பு வளையம் அதைப் பிடித்துக்கொண்டது. தயவுசெய்து உங்கள் வண்டியில் அந்த வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்தது என்று கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிற வண்டிகளை நான் நிறையப் பார்க்கிறேன். ஷாஃப்டின் முன் முனை அறுந்து தரையில் குத்தினால் வண்டியையே தூக்கிவிடும்.

மலையில் ஷாஃப்டைக் கழற்ற வேண்டி வந்தால் இன்னொன்று ஞாபகம் இருக்கட்டும். சில வண்டிகளில் ஹேண்ட்பிரேக் டிரம் கியர்பாக்ஸின் பின்னால் இருக்கும், என் வண்டியும் அந்த வகை. ஷாஃப்ட் இல்லாவிட்டால் அந்த ஹேண்ட்பிரேக் வெறும் கைப்பிடிதான், கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது. நாலு சக்கரத்துக்கும் கல், கட்டை கொடுத்த பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். இறக்கத்தில் கட்டி இழுத்து வரும்போது கயிறு வேண்டாம், இரும்பு பார் போடுங்கள். இஞ்சினை அணைக்கவே கூடாது. அணைத்தால், மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது.

வேலூர் வந்ததும் வழக்கமாகப் போகும் மிஸ்திரி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, பேரிங் நல்லாத்தான் கீது, ரப்பர்தான் கூழாப் போயிருக்கு. இது இன்னிக்கு ஒடஞ்சது இல்ல" என்றார். இரும்பு உடைந்த பரப்பைக் காட்டினார். முக்கால் பங்கு துருவேறிக் கறுத்திருந்தது, கால் பங்குதான் புது இரும்பாகப் பளபளத்தது. ரொம்ப நாளாக வளர்ந்த விரிசல், கடைசித் துண்டு மட்டும் மலையில் விட்டிருக்கிறது. ஏன் விரிசல் விட்டது என்று தேடியதில் கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் அமுங்கிப் போயிருந்தது தெரிந்தது. பின்பக்கம் தாழ்ந்து, ஷாஃப்டின் கோணமே மாறிவிட்டது. இங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. சென்டர் பேரிங் மறுபடி மறுபடி போகிறது என்றால் அது பெரும்பாலும் அடி வாங்குகிற இடம், அடிக்கிற இடம் வேறு எங்கோ இருக்கும். மவுண்டிங், தேய்ந்த கிராஸ், வளைந்த குழாய், காணாமல் போன ஷிம். அதைத் தேடாமல் எவ்வளவு நல்ல கம்பெனி பேரிங் போட்டாலும் காசு தண்டம்.

வெல்டிங் வேலைக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். லேத் வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். குறுக்குச் சட்டத்தில் விரிசல் முடியும் நுனியைத் தேடி அங்கே ஒரு சிறு ஓட்டை போட்டார். "ஓட்டை போடாம பத்த வெச்சா, பத்த வெச்ச எடத்துக்குப் பக்கத்துலயே திரும்ப ஓடும்" என்றார். பிறகு விரிசலை கிரைண்டரில் வி வடிவத்தில் பள்ளம் எடுத்து, 7018 என்ற வெல்டிங் ராடால் நிரப்பினார். அந்த ராடு ஈரம் பிடித்தால் வேலைக்கு ஆகாது, அதனால் சூடாக்கி எடுத்துத்தான் பயன்படுத்தினார். பலத்துக்காக மேலே வைத்த தகட்டைச் சதுரமாக வெட்டவில்லை, இரண்டு முனையும் கூராகப் போகும்படி வெட்டினார். சதுரத் தகட்டின் ஓரம் முடியும் நேர்கோட்டில் பலம் திடீரென்று மாறும், அடுத்த விரிசல் அங்கேதான் பிறக்கும். பேட்டரி வயரைக் கழற்றி வைத்ததோடு, எர்த் கிளாம்ப்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டார். எங்கேயோ தூரத்தில் எர்த் கொடுத்தால் கரண்ட் ஏதாவது பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் உருளைகளைப் பொத்தலாக்கிவிடும்.

பொருட்களில், பேரிங், ரப்பர், பிராக்கெட் மூன்றும் சேர்ந்த முழு செட்டாகவே வாங்கினேன். வெறும் பேரிங்கை விட விலை பல மடங்கு. ஆனாலும் அதைத்தான் சொல்வேன். ரப்பரும் பேரிங்கும் ஒரே வயசில் இருந்தால்தான் ஒன்று மற்றதைக் கெடுக்காது. கிராஸ் ஜாயின்ட்களில் ஒன்றின் கப் (முனையை மூடும் மூடி) ஓரம் சிவப்புத் தூள் கக்கியிருந்தது. உள்ளே ஊசி பேரிங் காய்ந்துபோனதற்கு அதுதான் அடையாளம். அதை மாற்றினோம். குழாயைப் பேலன்ஸ் மெஷினில் போட்டுப் பார்த்தோம், பெரிய குறை இல்லை. குழாயில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டியதே பாதி அதிர்வைக் குறைத்திருக்கும் என்று நினைக்கிறேன். புதுசாக ரோடு போடுகிற இடத்தில் ஓட்டினால் தார் ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் சுரண்டும்போது குழாயில் பற்றவைத்திருக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைத் தட்டி எடுத்துவிடாதீர்கள், அவை பேலன்ஸுக்காக வைத்தவை.

மாட்டும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. கழற்றுவதற்கு முன்பே ஃபிளாஞ்ச் (போல்ட் போடும் தட்டு), யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை), ஸ்ப்லைன் (பல் வெட்டிய சறுக்கு இணைப்பு) எல்லாவற்றிலும் பெயின்ட் கோடு போட்டு, அதே கோட்டில் சேர்க்க வேண்டும். ஸ்ப்லைனில் ஒரு பல் மாறினாலும் இரு பக்க யோக்கும் நேர்வரிசை தப்பிவிடும். ஒரு ஜாயின்ட் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டாமல் இன்னும் கூட்டிவிடும். அடுத்தது, சென்டர் பேரிங் போல்ட்டை முதலிலேயே முறுக்கக் கூடாது. லூஸாக விட்டு, வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, பேரிங் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது ரப்பர் முதல் நாளிலிருந்தே ஒரு பக்கம் இழுபட்டுக்கொண்டிருக்கும்.

இனி நீண்ட நாள் ஓட்டத்தின் கதை. கிளம்பும்போது இருந்த அதிர்வு அன்றே போனது, இன்றுவரை திரும்ப வரவில்லை. வெல்டிங்கைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன், முடி அளவு கோடுகூட இல்லை. பேரிங்கில் முணுமுணுப்பு இல்லை. ரப்பரில் மட்டும் மேல்பக்கம் சின்ன வெடிப்புகள் தெரிகின்றன. வெயிலுக்கும் வயசுக்கும் வருவது அது, கையால் ஷாஃப்டைத் தூக்கிப் பார்த்தால் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. ரிவர்ஸ் போடும்போது லேசாக ஒரு 'டக்' கேட்க ஆரம்பித்திருக்கிறது. அது ஸ்ப்லைன் தேய்மானம், தாங்கியின் குறை அல்ல.

பராமரிப்பில் நான் மாற்றிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு, அதைத்தான் எல்லோரிடமும் வலியுறுத்துவேன். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் பழைய ஆயிலும் டீசலும் கலந்து அடித்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். துருவுக்கு அது நல்லதுதான். ஆனால் இயற்கை ரப்பர் ஆயிலைக் குடித்து ஊதிக் கூழாகிவிடும். என் பழைய ரப்பர் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் சென்டர் பேரிங்கையும் மவுண்டிங்குகளையும் பிளாஸ்டிக் கவரால் சுற்றிக் கட்டச் சொல்கிறேன். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) வேலைக்குப் பெயின்ட் அடிக்கும்போதும் அப்படித்தான். தண்ணீரைப் பீய்ச்சும்போது குழாய் முனையை பேரிங்கின் சீலுக்கு நேராகக் காட்ட வேண்டாம். கியர்பாக்ஸ் பின் சீல் ஒழுகினாலும் அந்த ஆயில் தெறித்து நேராக இந்த ரப்பரில்தான் போய் விழும், உடனே மாற்றிவிடுங்கள். நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) உள்ள கிராஸ்களுக்கு கிரீஸ் அடித்தால் நாலு கப்பிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்தது போதும் என்று விட்டால், வராத நாலாவது கப்தான் முதலில் போகும்.

மலை லோடு ஓட்டுகிறவர்கள் ஒரு முழு செட்டை வண்டியிலேயே வைத்துக்கொள்வது நல்லது. வாங்கும்போது நகத்தால் ரப்பரை அழுத்திப் பாருங்கள். அமுங்கித் திரும்ப வர வேண்டும். கடையில் ரொம்ப நாள் கிடந்து கல்லாக இறுகிய ரப்பரை, பெட்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் வாங்க வேண்டாம். என்னிடம் இருக்கும் செட்டைக் கறுப்புக் கவரில் சுற்றி சீட்டுக்கு அடியில், டீசல் கேனிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன். அடுத்த எஃப்சிக்கு ஸ்ப்லைன் வேலையோடு சேர்த்து அதை மாட்டப் போகிறேன்.