அனுமதிகளால் அளக்கப்பட்ட வாழ்வு: பெர்லினில் மோசஸ் மெண்டல்சன் நடைச் சுற்றுலா

யூதத் தத்துவஞானி மோசஸ் மெண்டல்சன் வாழ்ந்த பெர்லினைத் தேடிப் போகிறவர், அங்கே கண்ணால் காண்பதற்கு மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அவர் சிறுவனாக நுழைந்த நகர வாயில் இல்லை. வழிபட்ட யூதத் தொழுகைக்கூடம் இல்லை. மனைவி மக்களோடு வாழ்ந்த வீடும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் இன்று நிற்பதும் பிற்காலத்தில் நினைவுக்காக வைக்கப்பட்ட கல்தான். இப்படிப்பட்ட நகரத்தில் ஒருவருடைய வாழ்க்கையைத் தெருத்தெருவாகச் சொல்லிக் காட்ட முற்படுவது துணிச்சலான காரியம். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் ஆங்கிலத்தில் நடத்தும் இந்த நடைச் சுற்றுலா, சில குறைகள் இருந்தபோதிலும், அதை நேர்மையாகச் செய்கிறது. 18ஆம் நூற்றாண்டு யூத அறிவொளி இயக்கத்தின் தலைமகனாக மதிக்கப்படும் ஒரு மனிதர், அரசின் அனுமதியின்றி ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாத நிலையில் வாழ்ந்தார் என்பதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது நினைவூட்டிக்கொண்டே செல்கிறது.

நடை தொடங்கும் இடம் ரோசந்தாலர் சதுக்கம். சுரங்க ரயிலும் டிராமும் சந்திக்கும் இரைச்சலான அந்தச் சந்திப்பில்தான் முன்பு ரோசந்தாலர் வாயில் இருந்தது. 1743இல், தன் ஆசிரியரான டேவிட் ஃப்ராங்கெல் பெர்லினின் தலைமை ரபியாக, அதாவது தலைமை யூத மதகுருவாகப், பொறுப்பேற்றதைத் தொடர்ந்து, தெஸ்ஸாவ் ஊரைச் சேர்ந்த 14 வயது மோசஸ் அவரைத் தேடி நடந்தே வந்து இந்த வாயிலை அடைந்தான். அன்றைய காவல் பதிவேட்டில், உள்ளே வந்த எருதுகளையும் பன்றிகளையும் எழுதிய அதே வரியில் ஒரு யூதனும் வந்ததாக எழுதப்பட்டது என்றொரு கதை உண்டு. அது பின்னால் கட்டப்பட்ட கதை என்பதை வழிகாட்டி ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, அந்தக் கதை ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்பதையும் விளக்கினார். யூதர்கள் ஓர் எல்லையைக் கடக்கும்போது தங்கள் உடலுக்கே சுங்கம் செலுத்த வேண்டியிருந்தது. ஐரோப்பா முழுவதும் பெயர் பரவிய பிறகும்கூட, 1776இல் டிரெஸ்டன் நகருக்குள் நுழைவதற்கு, ஒரு மாட்டுக்கு விதிக்கப்படும் அளவிலான வரியை மெண்டல்சன் கட்ட நேர்ந்தது. கதையையும் ஆவணத்தையும் இப்படிப் பிரித்துக் காட்டும் பழக்கம் சுற்றுலா வழிகாட்டிகளிடம் அரிது என்பதால், அந்த முதல் நிறுத்தத்திலேயே என் நம்பிக்கை கூடியது.

அங்கிருந்து ரோசந்தாலர் தெரு வழியாகத் தெற்கே இறங்கும்போது, கல்லறைத் தோட்டம் இருக்கும் குரோசே ஹம்பர்கர் தெரு மிக அருகிலேயே வருகிறது. ஆனால் வழிகாட்டி அந்தப் பக்கம் திரும்பவில்லை. தெருக்களின் வரிசையை விட்டுவிட்டு வாழ்க்கையின் வரிசையைப் பின்பற்றுவதாகச் சொல்லி, எங்களை நேராக ஹைடரொய்டர் சந்துக்கு அழைத்துச் சென்றார். இதனால் பிறகு இதே பகுதிக்கு மீண்டும் திரும்பி வர வேண்டியிருக்கிறது. முதியவர்களுக்கு அது சற்றுச் சிரமம்தான். ஆனாலும் ஒரு மனிதரின் சாவை அவர் வாழ்வுக்கு முன்னால் காட்டாத அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன்.

ஹைடரொய்டர் சந்தில் 1714இல் திறக்கப்பட்ட பழைய தொழுகைக்கூடத்தின் அடித்தள வரை மட்டும் தரையில் அடையாளமிடப்பட்டிருக்கிறது. 1938 நவம்பரில் பிற தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டபோது தப்பிய அந்தக் கட்டடம் பின்னர் போரில் அழிந்தது. மெண்டல்சன் என்றவுடன் நாடகாசிரியர் லெஸ்ஸிங்கின் நண்பர், தத்துவஞானி காண்டின் சமகாலத்தவர் என்றே பேசிப் பழகியவர்களுக்கு இந்த நிறுத்தம் மிகவும் தேவையானது. பெர்லினைத் தலைநகராகக் கொண்ட பிரஷ்யா, ஏழாண்டுப் போரில் பெற்ற லாய்த்தன் வெற்றிக்காக 1757இல் ரபி ஃப்ராங்கெல் ஆற்றிய ஜெர்மன் உரையை எழுதிக் கொடுத்தவர் மெண்டல்சன். சுவிட்சர்லாந்து யூதர்களுக்கும் டிரெஸ்டன் யூதர்களுக்கும் நெருக்கடி வந்தபோது, தனக்கிருந்த செல்வாக்கைக் கொண்டு அவர்களுக்காகப் பரிந்து எழுதியவரும் அவரே. எந்தப் பதவியும் வகிக்காத ஒருவரைச் சமூகம் தன் தலைவராக ஏற்றுக்கொண்டது எப்படி என்பதை இங்கே நின்று கேட்கும்போது நன்றாகப் புரிகிறது. பக்கத்திலேயே ரோசன் தெரு இருக்கிறது. யூதக் கணவர்களை விடுவிக்கக் கோரி 1943இல் யூதரல்லாத மனைவிமார் திரண்டு நின்ற அந்த இடத்தைப் பற்றி வழிகாட்டி சுருக்கமாகவே பேசினார். இருபதாம் நூற்றாண்டின் கொடுமைகள் ஒரு 18ஆம் நூற்றாண்டு வாழ்க்கையை முழுவதுமாக மூடிவிடாதபடி காத்த அந்த அளவறிந்த பேச்சை நான் மதிக்கிறேன்.

இந்த நடையின் உச்சம் ஸ்பாண்டாவர் தெரு 68ஆம் எண் வீடு இருந்த இடம். 1762இல் ஹம்பர்க் நகரத்து ஃப்ரோமெட் குகன்ஹைமை மணந்த பிறகு மெண்டல்சன் குடியேறி இறுதிவரை வாழ்ந்த வீடு அது. அந்த மண்ணில் இப்போது மீக்கா உல்மன் என்ற சிற்பி 2016இல் அமைத்த நினைவுச்சின்னம் இருக்கிறது. வீட்டின் முகப்பு அப்படியே தரையில் சாய்ந்து படுத்ததைப் போல, கதவும் சன்னல்களும் கற்களாகத் தரையில் பதிக்கப்பட்டுள்ளன. விவரம் தெரியாதவர்கள் அதன் மேல் நடந்துகொண்டே இருக்கிறார்கள். வழிகாட்டி எங்களைக் கதவு இருந்த இடத்தில் நிறுத்தி, உள்ளே நடந்தவற்றை நிதானமாகச் சொன்னார். ஐசக் பெர்ன்ஹார்ட் என்ற பட்டு ஆலை உரிமையாளரின் பிள்ளைகளுக்கு 1750இல் ஆசிரியராகச் சேர்ந்தவர், பிறகு அதே நிறுவனத்தில் கணக்குப்பிள்ளையாகி, பின்னாளில் பங்குதாரராகவும் ஆனார். பகல் முழுவதும் பட்டுக் கணக்கு. தத்துவத்துக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரம் மட்டுமே. ஆன்மாவின் அழியாமையைப் பற்றி 1767இல் வெளிவந்து பல மொழிகளுக்குச் சென்ற ‘ஃபேடோன்’ என்ற நூல், மத நம்பிக்கையில் அரசு வற்புறுத்தலைப் பயன்படுத்தலாகாது என்று வாதிட்ட 1783ஆம் ஆண்டின் ‘ஜெருசலேம்’, யூதர்களின் புனித நூலான தோராவுக்கு எபிரேய எழுத்துகளில் அச்சான ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஆகிய அனைத்தும் இப்படிப்பட்ட நாட்களில் உருவானவை.

இங்கேதான் அனுமதி என்ற இழை மிகவும் இறுகுகிறது. இரண்டாம் பிரடெரிக் மன்னர் 1750இல் பிறப்பித்த சட்டம் பிரஷ்ய யூதர்களைப் பல படிநிலைகளாகப் பிரித்து, யார் நகரில் தங்கலாம், அந்த உரிமையை யாருடைய பிள்ளை பெறலாம் என்பதையெல்லாம் வரையறுத்தது. மெண்டல்சனின் குடியிருப்பு நெடுங்காலம் அவருடைய வேலையையே சார்ந்திருந்தது. 1763இல், பிரஷ்ய அரச அறிவியல் கழகம் நடத்திய கட்டுரைப் போட்டியில் இம்மானுவேல் காண்டைப் பின்னுக்குத் தள்ளி முதல் பரிசு பெற்ற அதே ஆண்டில், மன்னரின் அவையிலிருந்த மார்க்கி தார்ஜான்ஸ் பரிந்துரைத்த பிறகே நகரில் வாழ அவருக்குத் தனிப்பட்ட பாதுகாப்பு உரிமை கிடைத்தது. அந்த உரிமையும் அவரோடு முடிவது, பிள்ளைகளுக்குச் செல்லாது. அவர் இறந்த மறு ஆண்டு, 1787இல், புதிய மன்னர்தான் ஃப்ரோமெட்டுக்கும் பிள்ளைகளுக்கும் முழு உரிமை வழங்கினார்.

அடுத்து ஊன்டர் டென் லிண்டன் சாலையில், அரசு நூலகக் கட்டடத்தின் முன்னால் சிறிது நேரம் நின்றோம். பழைய அறிவியல் கழகம் இருந்த இடம் அது. 1771இல் கழகத்தினர் மெண்டல்சனை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். மன்னர் ஒப்புதல் தரவில்லை. பரிசு கொடுத்த கழகத்துக்குள் பரிசு வாங்கியவர் உறுப்பினராக நுழைய முடியவில்லை. இதற்கு மேல் விளக்கம் எதுவும் தேவையில்லை, வழிகாட்டியும் தரவில்லை.

பிறகு டிராமில் ஏறி, முதலில் தவிர்த்த குரோசே ஹம்பர்கர் தெருவுக்குத் திரும்பினோம். வழியில் அவருடைய கடைசி நாட்களின் கதையைக் கேட்டோம். காலமான நண்பர் லெஸ்ஸிங் மீது தத்துவ எழுத்தாளர் யாக்கோபி சுமத்திய கருத்துகளுக்கு மறுப்பு எழுதி முடித்தவர், 1785 டிசம்பர் 31ஆம் தேதி, யூத ஓய்வுநாளான சனிக்கிழமை முடிந்த மாலையில், கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் குளிரில் உடல் நலம் கெட்டு, 1786 ஜனவரி 4ஆம் தேதி காலமானார். 1672இல் தொடங்கி 1827 வரை பயன்பாட்டில் இருந்த கல்லறைத் தோட்டத்தை 1943இல் நாஜி ரகசியக் காவல்படையான கெஸ்டபோ அழித்தது. இன்று புல்வெளியும் மரங்களுமாக இருக்கும் அந்தப் பரப்பில் மெண்டல்சனின் நினைவுக் கல் நிற்கிறது. அருகே அவர் பெயரைத் தாங்கிய யூத உயர்நிலைப்பள்ளி இயங்குகிறது. பிள்ளைகளின் குரல் சுவரைத் தாண்டிக் கேட்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, பீங்கான் குரங்குக் கதை. யூதர்கள் திருமணத்தின்போது அரச பீங்கான் ஆலையின் பொருள்களை வாங்கியே ஆக வேண்டும் என்ற ஆணையின்படி, மெண்டல்சன் தம்பதியர் தலையில் இருபது பீங்கான் குரங்குகள் கட்டப்பட்டன என்று வழிகாட்டி உறுதியாகச் சொன்னார். அந்தக் கட்டாயம் வந்தது 1769இல். திருமணம் நடந்ததோ 1762இல். நகர வாயிலின் கதையை அத்தனை கவனமாகப் பிரித்துக் காட்டியவர் இதை உண்மை நிகழ்ச்சியாகவே சொன்னது வருத்தமளித்தது.

இரண்டாவது, ஃப்ரோமெட். திருமணத்துக்கு முன் அவர் பெர்லினில் குடியேறவே தனி அனுமதி தேவைப்பட்டது. அது கிடைத்த செய்தியை மெண்டல்சன் மகிழ்ச்சியோடு கடிதத்தில் தெரிவித்திருக்கிறார். அனுமதிகளையே மையமாகக் கொண்ட நடையில் இது விடுபட்டிருக்கக் கூடாது. யூத அருங்காட்சியகத்துக்கு எதிரே, கிராய்ட்ஸ்பெர்க் பகுதியில், 2013இல் இருவரின் பெயரும் சேர்த்துச் சூட்டப்பட்ட சதுக்கம் ஒன்று இருக்கிறது. பெண்களின் பெயர்களுக்கு முன்னுரிமை என்ற அந்தப் பகுதியின் விதியால் எழுந்த விவாதத்துக்குப் பிறகே ஃப்ரோமெட்டின் பெயரும் இணைந்தது. நேரில் போக முடியாவிட்டாலும் அதைச் சொல்லியாவது இருக்கலாம்.

மூன்றாவதுதான் பெரிய குறை: நடை கல்லறையோடு நின்றுவிடுகிறது. வளர்ந்த பிள்ளைகள் ஆறு பேரில் யோசேப்பு, ரெகா இருவர் மட்டுமே யூதர்களாக நிலைத்தனர். மற்றவர்கள் கிறிஸ்தவம் தழுவினர். அவர்களில் ஒருவரான ஆபிரகாமின் மகன்தான் இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சன். யோசேப்பு 1795இல் தொடங்கிய வங்கி பின்னர் யேகர் தெருவில் நிலைபெற்று, 1938இல் நாஜி ஆட்சியில் கலைக்கப்படும்வரை இயங்கியது. அந்தத் தெருவின் 51ஆம் எண்ணில் உள்ள மெண்டல்சன் ரெமிசே என்ற இடத்தில் குடும்ப வரலாற்றுக் கண்காட்சி இருக்கிறது. அறிவியல் கழக நிறுத்தத்திலிருந்து அது நடக்கும் தூரம்தான்.

நடக்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். சுற்றுலா ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீள்கிறது. கல் பாவிய பாதைகள் அதிகம் என்பதால் நல்ல காலணி அவசியம். சனிக்கிழமையையும் யூதப் பண்டிகை நாட்களையும் தவிர்க்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் ஆண்கள் தலையை மூடிக்கொள்வது மரபு. யேகர் தெருவுக்கு ஹவுஸ்ஃபோக்டைபிளாட்ஸ் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து சில நிமிடங்களில் நடந்துவிடலாம். கண்காட்சி திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, நடைச் சுற்றுலா முடிந்ததும் அங்கே போய்விடுங்கள்.