வீடு தேடி வரும் பிரஷர் மாத்திரை: எங்கள் வீட்டு அனுபவம்

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பத்தாவுக்கு 78 வயது, பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. முன்பெல்லாம் மாத்திரை தீர்ந்தால் பஸ் ஏறிப் போய் வாங்கி வர வேண்டும். முழங்கால் வலி கூடிய மாதங்களில் "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று மாத்திரை இல்லாமலே நாளை ஓட்டிவிடுவார். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயர் சேர்த்த பிறகு அது நின்றுவிட்டது. இந்த ஒன்றுக்காகவே யார் கேட்டாலும் சேரச் சொல்வேன்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. எங்கள் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பக்கத்துத் தெருப் பெண். திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்ப்பார், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சுகர் பார்ப்பார், அப்புறம் பழைய அட்டையை வாங்கி எண்ணுவார். "ஆச்சி, நாலு மாத்திரை மிச்சம் இருக்கே, ஏன் போடலை?" இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அப்பத்தாவிடம் கேட்டதில்லை. நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் உண்டு.

எனக்கு உறுத்துவது உப்பு விஷயம். "உப்பைக் குறைங்க ஆச்சி" என்று அவர் சொல்வது சரிதான், ஆனால் எங்கள் வீட்டில் சமைப்பது சின்னம்மா, குழம்புச் சட்டியும் ஒன்றுதான். வற்றல், ஊறுகாய், அப்பளம், உப்புக்கண்டம் என்று எல்லாம் உப்பில் நிற்கிற சமையலில் ஒருவர் மட்டும் எப்படிக் குறைப்பது? உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். கடைசியில் சின்னம்மா சொல்லாமல் கொள்ளாமல் மொத்தச் சட்டியிலும் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தார். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பிரிட்டிஷ் மருத்துவர் ஜெஃப்ரி ரோஸ் 1985இலேயே இதைத்தான் எழுதினார். பிரஷர் அதிகம் உள்ள சிலரைத் தேடிப் பிடித்து வைத்தியம் பார்ப்பது ஒரு வழி, ஊர் மொத்தத்தின் சராசரியையே கொஞ்சம் இறக்குவது இன்னொரு வழி. ஏனென்றால் லேசான ஆபத்தில் இருக்கும் பெருங்கூட்டத்திலிருந்துதான் பல நேரம் நோயாளிகள் அதிகம் வருகிறார்கள். இரண்டும் வேண்டும். முதல் வழியை இந்தத் திட்டம் அருமையாகச் செய்கிறது, இரண்டாவது எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை.

இத்தனைக்கும் அது செட்டிநாட்டுக்குத் தெரிந்த வழி. நல்ல தண்ணீர் குடியுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்காமல், மழைநீர் வந்து சேர ஊருணி வெட்டி, குடிநீர் ஊருணியில் குளிக்கக் கூடாது என்று கட்டுப்பாடும் வைத்த ஊர்கள் இவை.

5க்கு 4 தருகிறேன். வீட்டில் யாருக்காவது பிரஷரோ சுகரோ இருந்தால் துணை சுகாதார நிலையத்தில் கேளுங்கள், பழைய மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். தன்னார்வலர் வரும்போது சமைப்பவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். போன மாதம் சின்னம்மாவை உட்கார வைத்தோம், அவருக்கும் பிரஷர் பார்த்தார்கள், 150க்கு மேல் காட்டியது.