ஆன்லைன் தெரபி: முதல் சில மாதங்களில் என்ன நடக்கும், எங்கே சறுக்கும்

ஆன்லைன் தெரபி, அதாவது மனநலப் பிரச்சினைக்கு வீடியோவில் பேசிப் பெறும் சிகிச்சை, பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, திரை வழியாகப் பேசினால் ஒட்டுமா என்பதுதான். நீண்ட நாள் பயன்படுத்தியவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். இரண்டு மூன்று செஷனில் திரை பழகிவிடும். பழகாமல் கடைசிவரை தொல்லை தருபவை வேறு: யார் காதிலும் விழாமல் பேச ஓர் இடம் கிடைக்காதது, முக்கியமானதைக் கடைசி ஐந்து நிமிஷம்வரை தள்ளிப்போடுவது, தெரபி பிடிக்கவில்லை என்பதைத் தெரபிஸ்டிடமே சொல்லத் தயங்குவது.

தனியாகத் தொழில் நடத்தும் தெரபிஸ்ட் என்றால், சரிபார்க்கும் வேலை முழுக்க நம்முடையது. 'கவுன்சலர்' என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலைதான் பல நாடுகளில் இருக்கிறது. பதிவு எண் கேளுங்கள். பதிவு தரும் அமைப்பின் பட்டியலில் தேடிப் பாருங்கள். கேட்டதற்கே முகம் சுளித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அவர் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. செஷன் நேரத்தில் நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோமோ, அந்த இடத்தின் உரிமம் அவருக்கு வேண்டும் என்று பல இடங்களில் சட்டம் இருக்கிறது. பயணத்தின்போது செஷன் திடீரென்று ரத்தாவதற்கு இதுவும் ஒரு காரணம். மாத்திரை தேவைப்படலாம் என்று தோன்றினால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டியிருக்கும். உளவியலாளர்கள் பெரும்பாலும் மருந்து எழுதுவதில்லை.

பலர் முதலில் 15 நிமிஷம் இலவசமாகப் பேசுவார்கள். அதில் வாழ்க்கைக் கதையைத் தொடங்க வேண்டாம். "இந்த மாதிரிப் பிரச்சினையோடு வருகிறவர்களிடம் எப்படி வேலை செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பதிலைக் கவனியுங்கள். திரும்பத் திரும்பக் கை கழுவுவது, பூட்டைச் சரிபார்ப்பது போன்ற ஓசிடி தொல்லைக்கு, பயத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு அந்தச் செயலைச் செய்யாமல் தாங்கும் பயிற்சி உண்டு. அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்லத் தெரியாதவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் ஓசிடிக்குச் சரிப்பட மாட்டார். கட்டணம், ரத்து விதி இரண்டையும் அப்போதே கேட்டுவிடுங்கள். 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லாவிட்டால் முழுக் கட்டணம் என்பதுதான் பரவலான வழக்கம். பத்து செஷனை மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்றால், மூன்று நான்கு செஷன் முடியும்வரை தொடவே வேண்டாம். பணம் கட்டியாயிற்றே என்பதற்காகவே பொருந்தாத ஆளிடம் தொடர்கிறவர்கள் நிறையப் பேர்.

முதல் செஷனுக்கு முன் படிவங்கள் வரும். ரகசியம் பற்றிய பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். பேசுவது வெளியே போகாது என்பதற்கு விலக்குகள் உண்டு: உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குத் துன்புறுத்தல், நீதிமன்ற உத்தரவு போன்றவை. நாம் இருக்கும் முகவரியையும் அவசரத்துக்குக் கூப்பிட ஒருவர் எண்ணையும் கேட்பார்கள். இது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துப் பொய்யாக நிரப்புகிறவர்கள் உண்டு. நாம் மயங்கி விழுந்தாலோ தற்கொலை எண்ணத்தோடு லைனைத் துண்டித்தாலோ, தொலைவில் இருக்கும் அவருக்கு உதவி அனுப்ப வேறு வழி கிடையாது.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 படிவமும் வரக்கூடும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம் குறித்தது. பயந்துகொண்டு பலர் அதில் மட்டும் பூஜ்யம் போடுகிறார்கள். உண்மையைப் போட்டால் பெரும்பாலும் நடப்பது, தெரபிஸ்ட் அதைப் பற்றி விரிவாகக் கேட்பதுதான். எண்ணம் வந்துபோகிறதா, திட்டம் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு அந்தப் பதில் வேண்டும்.

முதல் செஷன் 50 நிமிஷம் போல ஓடும். பெரும்பகுதி விசாரணைதான்: தூக்கம், சாப்பாடு, குடும்பம், பழைய சிகிச்சை, குடி, மாத்திரை. முடிந்ததும் "இவ்வளவுதானா?" என்று தோன்றுவது சகஜம். சிலருக்கு அதற்கு நேர்மாறாக, கிளறிவிட்டது அன்று முழுக்க அடங்காது. நேரில் போனால் திரும்பி வரும் வழியில் மனசு கொஞ்சம் ஆறும். இங்கே லேப்டாப்பை மூடியதும் ஆபீஸ் மீட்டிங்கோ அடுப்படியோ காத்திருக்கும். செஷனுக்குப் பிறகு அரை மணி நேரம் காலியாக வையுங்கள்.

இடம்தான் பெரிய தலைவலி. பக்கத்து அறையில் ஆள் இருந்தால் குரல் தானாக இறங்கும். குரல் இறங்கினால் விஷயமும் சுருங்கும். அம்மாவைப் பற்றிப் பேச வேண்டியவர் அம்மா ஹாலில் இருக்கும்போது வேலைப்பளுவைப் பற்றிப் பேசி முடிப்பார். கதவுக்கு வெளியே ஃபேன் ஓடவிட்டால் பேச்சு தெளிவாகக் கேட்காது. நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து பேசுகிறவர்களும் உண்டு. பரவாயில்லை, ஓட்டிக்கொண்டே மட்டும் வேண்டாம். கழுத்து, தோள்வரை தெரியும்படி கேமராவைக் கண் உயரத்தில் நிறுத்துங்கள். போனைக் கையில் பிடித்தால் படம் ஆடும். ஒயர் வைத்த ஹெட்போன் சார்ஜ் தீர்ந்து பாதியில் சாகாது. நம் முகம் நமக்கே தெரியும் சிறு கட்டத்தை மறைத்துவிடுங்கள் (அழும்போது தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது யாருக்கும் தேவையில்லை).

சிக்னல் தடுமாறும்போது ஒரு சிக்கல் வரும். தெரபியில் மௌனத்துக்கு வேலை உண்டு, ஆன்லைனில் மௌனம் வந்தால் "ஹலோ, கேட்குதா?" என்று யாராவது அதை உடைத்துவிடுவார்கள். "யோசிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். லைன் போனால் யார் யாரைக் கூப்பிடுவது, எத்தனை நிமிஷம் காத்திருப்பது என்பதை முதல் நாளே பேசி வைப்பது நல்லது.

எவ்வளவு நாள் ஆகும்? 1986-இல் உளவியல் ஆய்வாளர் ஹோவர்டும் அவருடைய குழுவும் வெளியிட்ட பழைய கணக்கொன்று உண்டு: எட்டு செஷனுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், 26 செஷனுக்குள் முக்கால்வாசிப் பேருக்கும் முன்னேற்றம். வாரம் ஒன்று என்றால் எட்டு என்பது இரண்டு மாதம். மூன்றாவது செஷனில் "ஒண்ணும் மாறலியே" என்று விடுவது அவசரம். எட்டாவதிலும் எதுவும் அசையவில்லை என்றால் அதைப் பேசியே ஆக வேண்டும்.

எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் சிபிடி முறையில் வீட்டுப்பாடம் உண்டு: வந்த எண்ணத்தையும் அதற்கான சான்றுகளையும் படிவத்தில் எழுதுவது. ஒரு வரி எப்படி இருக்கும் என்றால்: நடந்தது, மேனேஜர் மெயிலுக்குப் பதில் போடவில்லை; எண்ணம், வேலை போகப்போகிறது; பயம், நூற்றுக்கு எண்பது; ஆதரவான சான்று, ஒரு நாளாகப் பதில் இல்லை; எதிரான சான்று, அவர் யாருக்குமே உடனே பதில் போடுவதில்லை; மறுபடி அளந்தால் பயம் ஐம்பது. எண்பது பூஜ்யமாகாததைப் பார்த்துத் தோல்வி என்று நினைக்கிறார்கள். முப்பது குறைந்ததுதான் அங்கே கணக்கு. செஷனுக்குப் பத்து நிமிஷம் முன்னால் ஒரு வாரத்துப் படிவத்தையும் சேர்த்து நிரப்பினால் பயன் கிடையாது. எண்ணம் சூடாக இருக்கும்போதே போனில் இரண்டு வரி தட்டி வைத்தாலே போதும்.

முக்கியமானதைக் கடைசி ஐந்து நிமிஷம்வரை தள்ளிப்போடும் பழக்கத்துக்கு மருந்து எளியது. சொல்லத் தயங்கும் விஷயத்தை ஒரே வரியில் எழுதி, தொடங்கியதுமே சாட்டில் போட்டுவிடுங்கள். வாயால் வராதது தட்டச்சில் வரும். ஆன்லைனுக்கே உள்ள வசதி இது.

குறையைச் சொல்வதும் அப்படித்தான். "போன மூன்று செஷனும் வாரத்தில் நடந்ததைச் சொல்வதிலேயே போய்விட்டது. எதை நோக்கிப் போகிறோம் என்று தெரியவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல தெரபிஸ்ட் இலக்கை எடுத்து மறுபடி பேசுவார். தற்காப்பாகப் பேசினாலோ, பழி நம் பக்கமே திரும்பினாலோ ஆளை மாற்றலாம். மாற்றும்போது இதுவரை நடந்ததன் சுருக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்கினால் புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டாம். செஷனுக்கு நடுவே அனுப்பும் மெசேஜுக்கு உடனே பதில் வராதது குறையில் சேராது. பலர் நேரம் மாற்றுவதற்கு மட்டுமே மெசேஜ் பார்ப்பார்கள். நெருக்கடி நேரத்துக்கு உதவி எண்ணைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

தற்கொலைத் திட்டம் வரை போனவர்கள், யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறவர்கள், எடை ஆபத்தாகக் குறைந்தவர்கள் நேரில் பார்ப்பதே சரி. அடிக்கும் துணையோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் வீட்டிலிருந்து பேசவே கூடாது. வேறு இடம் கிடைத்தால் மட்டும், லைனைத் துண்டிக்க ஒரு ரகசியச் சொல்லையும் முடிவு செய்துகொண்டு தொடங்கலாம்.

முடிக்கும்போது சட்டென்று நிறுத்தாமல் இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று இடைவெளி விட்டுக் குறையுங்கள். கடைசி செஷனில் இரண்டு கேள்வி கேட்டு எழுதி வையுங்கள்: பழைய நிலைக்குத் திரும்புவதற்கு முதல் அறிகுறி எது, மறுபடி வர வேண்டும் என்றால் புதிய படிவங்களா அல்லது நேராக நேரம் வாங்கலாமா.