தாய்க்குத் தடுப்பு மருந்தா, தாயையே கழிப்பதா?

முட்டை ஓட்டுக்கு ஃபார்மலின் புகை போடுவது நல்லதுதான். ஆனால் ஓட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கும் வைரஸை அந்தப் புகை தொடாது. முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்கும் நோய் என்றால் தாய்க்கோழியிடம்தான் கைவைக்க வேண்டும். இனப்பெருக்கப் பண்ணைக்கு இதில் இரண்டு வழி: தாய்க்கு முன்கூட்டியே எதிர்ப்புச் சக்தி ஏற்றுவது, வைரஸ் சுமக்கும் தாயைத் தேடிக் கழிப்பது.

நடுக்க நோய்க்கு (ஏவியன் என்செஃபலோமயலிடிஸ்) முதல் வழிதான். முட்டையிடும்போது தாய்க்குத் தொற்றினால் முட்டை 5 முதல் 10 சதவீதம் குறைந்து, இரண்டு வாரத்தில் ஏறிவிடும். தீவனத்தைக் குறை சொல்லிவிட்டு மறந்துவிடுவோம். அப்போது அடைவைத்த முட்டைகளின் குஞ்சுகள் முதல் வாரத்திலேயே தலை நடுங்கிச் சாய்ந்து கிடக்கும். அதே தொற்று, முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிப் பருவத்தில் வந்துபோயிருந்தால், தாய் மஞ்சள்கருவில் எதிர்ப்பொருளை வைத்து அனுப்பியிருக்கும். முதல் முட்டைக்கு 4 வாரமாவது முன்னால் உயிருள்ள தடுப்பு மருந்து கொடுப்பதன் கணக்கு இதுதான்.

ஜப்பானில் 1979-இல் முதலில் பிரித்தெடுத்த தொற்று ரத்தசோகை வைரஸ் இன்னும் தந்திரமானது. தாயிடம் முட்டைகூடக் குறையாது. இரண்டு மூன்று வாரக் குஞ்சுதான் வெளிறிச் சாகும். பழைய கொட்டகைக் கூளத்தை விடைக்கோழிகளிடம் பரப்பி 'இயற்கையாக' எதிர்ப்பு வரவைப்பவர்கள் உண்டு. செலவில்லைதான். ஆனால் எந்தக் கோழிக்குத் தொற்றியது, எது தப்பியது என்று தெரியாது. கூளத்தோடு ரத்தக்கழிச்சலும் கூடவே வரும். நான் தடுப்பு மருந்துக்கே காசு கொடுப்பேன்.

கோழிக்குக் கட்டிகளை உண்டாக்கும் வைரஸ் நோயான லூக்கோசிஸில் இந்தக் கணக்கு தலைகீழ். முட்டைக்குள்ளேயே வைரஸ் வாங்கிய குஞ்சின் உடல் அதை அந்நியமாக நினைப்பதில்லை. எதிர்ப்பொருள் உண்டாகாது, வைரஸ் ரத்தத்திலேயே தங்கி, அந்தக் குஞ்சு வளர்ந்து தாயாகும்போது வெண்கருவில் இறங்கும். எதிர்ப்பொருளை மட்டும் சோதித்தால் மிக ஆபத்தான கோழிதான் 'சுத்தம்' என்று தேறிவிடும்! பயன்தரும் தடுப்பு மருந்தும் இல்லை. ஆகவே வெண்கருவில் அந்த வைரஸின் பி27 புரதத்தை எலைசா என்ற ஆய்வகச் சோதனையில் தேடி, அது இருக்கும் கோழிகளைக் கழிக்கிறார்கள். 1991-இல் இங்கிலாந்திலிருந்து அறிவிக்கப்பட்ட, கறிக்கோழி இனத்தைத் தாக்கும் ஜே வகை லூக்கோசிஸ் வைரஸையும் இனவிருத்தி நிறுவனங்கள் இப்படித்தான் அடக்கின. தலைமுறை தலைமுறையாகச் செய்ய வேண்டிய வேலை. அந்த நிறுவனங்களிடம் குஞ்சு வாங்கித் தாய்க்கோழியாக வளர்க்கும் பேரண்ட் பண்ணை தனியாக இறங்கினால் கட்டுப்படியாகாது. குஞ்சு வாங்கும்போதே லூக்கோசிஸ் சோதனை முடிவைக் கேட்டு வாங்கலாம். வெவ்வேறு மந்தைக் குஞ்சுகளை ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள்: வைரஸோடு பொரித்த ஒரு குஞ்சின் முதல் எச்சமே பக்கத்துக் குஞ்சுகளுக்குப் போதும்.