சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ் என்ற பெயரில் ஃபங்கஸ் லென்ஸைத் தள்ளிவிடுகிறார்கள்: 18,500 ரூபாய் போச்சு

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் கல்யாணப் படம், அவுட்டோர் படம் எடுக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பழைய லென்ஸ் வாங்குங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

பழைய கேமரா, லென்ஸ்களைச் 'சோதித்து, தரம் பிரித்து' விற்பதாகச் சொல்லும் ஓர் ஆன்லைன் தளத்தில், படத்தை வேண்டுமென்றே மென்மையாகக் காட்டும் கேனான் இஎஃப் 135 எம்எம் எஃப்/2.8 சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸை 18,500 ரூபாய் கட்டி வாங்கினேன். வந்து சேர்ந்ததோ உள்கண்ணாடியில் ஃபங்கஸும் (பூஞ்சை) ஹேஸும் (மங்கலான படலம்) பிடித்த லென்ஸ். கேட்டால், "சாஃப்ட் லென்ஸ்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார்கள். மொத்த ஏமாற்று வேலையும் இந்த ஒரு வரியை வைத்துத்தான் நடக்கிறது. லென்ஸ் செய்த கம்பெனி மேல் எந்தக் குறையும் இல்லை. 1987-ல் வந்த அருமையான லென்ஸ் அது. இப்போது புதிதாக வருவதில்லை, பழையதைத்தான் தேட வேண்டும். அந்தத் தேவையைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

அந்த பதில் ஏன் பச்சைப் பொய் என்று சொல்கிறேன். சாதாரண லென்ஸில் கண்ணாடியின் ஓரம் வழியாக வரும் ஒளியும் நடு வழியாக வரும் ஒளியும் ஒரே இடத்தில் குவியும்படி திருத்தியிருப்பார்கள். சாஃப்ட் லென்ஸில் அந்தத் திருத்தத்தை வேண்டுமென்றே குறைத்துவிடுவார்கள். நடு ஒளி கூர்மையான உருவத்தைத் தரும், ஓர ஒளி அதைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டமாகப் பரவும். அதனால்தான் மணப்பெண்ணின் கண் இமை தெளிவாகவும், நெற்றிச்சுட்டியும் பட்டுச்சேலை ஜரிகையும் மட்டும் பூத்தாற்போலவும் விழும். இந்த 135-ல் அதற்கென்று ஒரு ரிங் உண்டு: 0, 1, 2. 0-வில் வைத்தால் இது சாதாரண, கூர்மையான லென்ஸ். எஃப் எண் கூடக் கூட, லென்ஸுக்குள் ஒளி வரும் துவாரம் (அபர்ச்சர்) சின்னதாகும். 2-ல் வைத்து எஃப்/2.8-ல் எடுத்தால் மென்மை அதிகம். எஃப்/4-ல் குறையும். எஃப்/5.6-க்கு மூடினால் ஓர ஒளி அடைபட்டுப் போவதால் மென்மை கிட்டத்தட்ட காணாமல் போகும்.

ஹேஸ் அப்படி இல்லை. கண்ணாடி முழுக்கப் படிந்திருப்பதால் எஃப்/8 வைத்தாலும், எஃப்/11 வைத்தாலும், ரிங்கை 0-வில் வைத்தாலும் மங்கல் அப்படியேதான் இருக்கும். கருப்பு முடி சாம்பல் நிறமாக விழும். எதிர்வெளிச்சம் வந்தால் படம் முழுக்க வெளுத்துவிடும்.

நம்ப வைத்த விதத்தைப் பாருங்கள். வீடியோ காலில் லென்ஸைக் காட்டினார்கள். ரிங்கை 0, 1, 2 என்று ஒவ்வொன்றாகத் திருப்பினார்கள். முன்கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. மாதிரிப் படங்களும் வந்தன: சீரியல் செட் விளக்குக்கு முன்னால் ஒரு பெண் முகம், அழகாகவே இருந்தது. அத்தனையும் ரிங் 2, எஃப்/2.8. அந்த நிலையில் நல்ல லென்ஸுக்கும் கெட்ட லென்ஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், அது அவர்களுக்குத் தெரியும். பின்பக்கமிருந்து டார்ச் அடித்துக் காட்டச் சொன்னதற்கு, "லைட் அடிச்சா புது லென்ஸ்லயே தூசி தெரியும் சார், பயந்துடுவீங்க" என்றார் பேசினவர். தூசி தெரியும் என்பது உண்மைதான். அந்தப் பாதி உண்மையைச் சொல்லித்தான் 18,500 ரூபாயை வாங்கினார்கள்.

பார்சல் வந்ததும் இரண்டு மூடியையும் கழற்றிவிட்டு, பின்கண்ணாடி வழியாக செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிட்டது. இஎஃப் லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றினால் அபர்ச்சர் முழுக்கத் திறந்தே இருக்கும், அதனால் உள்ளே பார்ப்பது சுலபம். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒட்டடை மாதிரி கிளைகிளையாக ஓடுகிறதே, அது ஃபங்கஸ். அதற்குப் பின்னால் இன்னொரு கண்ணாடியில் ஒரே சீராகப் படிந்த மங்கல், அது ஹேஸ். தூசி என்றால் தனித்தனிப் புள்ளியாகத்தான் இருக்கும். ஒரு புள்ளி இரண்டு புள்ளி படத்தைக் கெடுக்காது.

அடுத்து விளக்குச் சோதனை. இருட்டறையில் மூன்று மீட்டர் தள்ளி ஒரு சின்ன எல்இடி, பக்கத்தில் கருப்புத் துணி, கேமரா ட்ரைபாடில். ரிங் 0, எஃப்/8. நல்ல லென்ஸில் விளக்கு ஒரு புள்ளியாகவும் துணி கருப்பாகவும் விழ வேண்டும். இதில் விளக்கைச் சுற்றிப் பெரிய வெள்ளைப் படலம், துணி பாதி சாம்பல். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

எஃப்/2.8, எஃப்/8 இரண்டு படத்தையும் அனுப்பியாயிற்று. முதல் பதில், மேலே சொன்ன "சாஃப்ட் லென்ஸ்னா அப்படித்தான்" வரிதான். இரண்டாவது பதில், "உங்க கேமரா சென்சார்ல தூசி இருக்கும் சார்." சென்சார் தூசி அபர்ச்சரை மூட மூடக் கரும்புள்ளியாகத் தெரியுமே தவிர, கருப்பைச் சாம்பலாக்காது. அதே கேமராவில் வேறு லென்ஸ் மாட்டி எடுத்த படத்தையும் அனுப்பியாயிற்று. அப்புறம், "சீனியர் டீமுக்கு அனுப்பியிருக்கோம்." அப்புறம், "இன்னொரு வீடியோ அனுப்புங்க." இப்படியே இழுத்து, ரிட்டர்ன் காலம் முடிந்த மறுநாள், "பாலிசிப்படி இனி எதுவும் செய்ய முடியாது" என்று ஒரு மெசேஜ். இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. 18,500 ரூபாய்! பழுது பார்க்கலாமே என்பார்கள். ஃபங்கஸ் கக்கும் அமிலம் கண்ணாடி மேல் இருக்கும் மெல்லிய பூச்சை (கோட்டிங்) அரித்திருந்தால், துடைத்தாலும் தழும்பு போகாது. உற்பத்தி நின்றுபோன லென்ஸுக்கு உள்கண்ணாடி எங்கே தேடுவது?

சரி, சொன்னபடி விவரமாக எழுத இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்குச் சிலது மட்டும்.

எந்த சாஃப்ட் லென்ஸ் ஆனாலும் காசு போடும் முன் எஃப்/8-ல் எடுத்த படம் ஒன்றைக் கேளுங்கள், ரிங் இருந்தால் அதை 0-வில் வைத்து. டார்ச் வீடியோவும் வேண்டும், பின்பக்கமிருந்து. மறுத்தால் வாங்காதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். சோதனையை அன்றைக்கே முடித்துவிடுங்கள், "டீம் பார்க்குது" என்றால் காத்திருக்காமல் அன்றே ரிட்டர்ன் போடுங்கள்.

புகாரை முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிப்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915. விற்றவன் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இந்த 18,500 ரூபாய்க்கும் அங்கேதான் போகப் போகிறது மனு.

மென்மை எப்படி வருகிறது என்று பழகிப் பார்க்கத்தான் ஆசை என்றால் இவ்வளவு காசே வேண்டாம். லென்ஸ் முன்னால் மாட்டும் பழைய யுவி ஃபில்டர் ஒன்றின் ஓரத்தில் மட்டும் வாசலைன் லேசாகத் தடவி, நடுவைச் சுத்தமாக விட்டு எடுங்கள். லென்ஸ் கண்ணாடியில் நேராகத் தடவிவிடாதீர்கள். கருப்பு நைலான் சாக்ஸை லென்ஸ் முன்னால் இழுத்துக் கட்டினாலும் வரும். வெள்ளை நைலான் கட்டினால் படம் கூடுதலாக வெளுக்கும்.

ஃபங்கஸ் லென்ஸ் வந்து மாட்டிக்கொண்டால் மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸ் வைக்கும் டிரை பாக்ஸ் (ஈரம் புகாத பெட்டி) 40-லிருந்து 50 சதவீத ஈரப்பதத்தில் இருக்கட்டும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் பூட்டின காருக்குள் லென்ஸை விடவே கூடாது, கிரீஸ் இளகி அபர்ச்சர் பிளேடில் ஏறிவிடும்.